இரண்டடி அகலமான அறை

காலியாக விடப்பட்ட இடத்தை அளப்பதுதான் அவள் வேலை. வீட்டுக்கு முன்னால் எவ்வளவு விட்டிருக்கிறார்கள், பக்கங்களில் எவ்வளவு, மேலே எந்த உயரத்தோடு நிறுத்திக்கொண்டார்கள் என்று பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முன்னால் பத்தடி. பக்கத்துக்கு மூன்றடி. உயரம் முப்பதடி, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியையும் சேர்த்து. நகராட்சி அலுவலகத்தின் முதல் மாடியில், ஜன்னலை ஒட்டிய மேஜையில், இந்த எண்களோடு இருபத்திரண்டு வருடங்கள் புழங்கியதில் கட்டடங்கள் அவள் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாமல் போயின. ஒரு தெருவில் திரும்பினால் முதலில் தெரிவது முப்பதடிக்கு மேலே இருக்கும் காற்று. யாரும் குடிவராத மாடிகளாக அது அடுக்கடுக்காக நிற்கும். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஆறடி அகலத்தில் ஒடுங்கி நிற்கும் வெயில். அதற்குள் யாரோ உலர்த்திய சட்டை. சட்டையை அவள் கவனிக்க மாட்டாள்.

கொத்தனார்கள் அவளை நூலக்கா என்றார்கள். சுவர் எழுப்பும் முன் கட்டும் நூலை அவள் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பதால் வந்த பெயர். அவள் தெருமுனையில் தெரிந்ததும் சாரத்தின் மேலிருந்து ஒருவன் சத்தம் போடுவான்:

"நூலக்கா வர்றாங்கடா, தொப்பையை உள்ள இழுங்க!"

எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். பிறகு நீண்டுவிட்ட சன்ஷேடை உடைக்கச் சொல்வாள்.

"நாலு அங்குலம்தானக்கா. ஒரு குருவி உக்கார்ற இடம்."

"குருவி எங்கிட்ட பிளான் குடுக்கல. நீங்க குடுத்திருக்கீங்க. உடைங்க."

நகரத்தில் அவளுக்கென்று ஒரு தெரு இருந்தது. வேலையில் சேர்ந்த மாதத்தில் அவள் அளந்து கொடுத்த முதல் தெரு. ஒரு பக்கம் முழுக்கத் தண்ணீர் வாரியத்தின் நீண்ட மதில். மறுபக்கம் நாற்பத்தொரு மனைகள், ஒவ்வொன்றும் இருபதடி அகலம், நாற்பதடி ஆழம். பதினேழாம் மனை மட்டும் காலி. மற்ற நாற்பது வீடுகளும் நூல் பிடித்த மாதிரி நின்றன. கேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு மரம் வைக்கலாம், மரத்தைச் சுற்றிக்கொண்டு இரண்டு நாற்காலி போடலாம், அப்படியும் ஒரு சைக்கிளை இடிக்காமல் உள்ளே கொண்டுபோகலாம். அதனால் அந்தத் தெருக்காரர்கள் சாயங்காலங்களில் வெளியே உட்கார்ந்தார்கள். முதல் வீட்டுக்காரர் சொன்ன ஜோக்கைக் கடைசி வீட்டில் ஏழு மணிக்குள் யாராவது சொல்லிச் சிரித்துவிடுவார்கள், கொஞ்சம் மாற்றி. புதிதாக வேலைக்குச் சேர்ந்த அலுவலர்களை அங்கே கூட்டிப்போய்க் காட்டுவது வழக்கம். விதியை மதித்தால் ஒரு தெரு எப்படி இருக்கும் என்பதற்கு அது உதாரணம். அவள் அந்தச் சமயங்களில் கொஞ்சம் தள்ளி நின்று மதிலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வெட்கம்தான்.

அந்தத் தெருவில் ஒரே ஒரு குறை. வீடு பிளானில் இருந்ததைவிடச் சின்னதாக அமைந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். கூடத்தில் சோபாவைக் குறுக்கேதான் போட முடிந்தது. கட்டி முடித்தால் எந்த வீடும் சுருங்கித்தான் போகும் என்று மேஸ்திரிகள் சமாதானம் சொன்னார்கள். நூல் சொன்ன இடத்தில் சுவரைத் தொடங்கிப் பின்னெல்லையில் நிறுத்துவார்கள். நூலைச் சந்தேகப்படுவது மேஸ்திரிக்குப் பழக்கமில்லை.

பதினேழாம் மனையை வாங்கியவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். பிளானைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு திங்கட்கிழமை அவள் மேஜைக்கு வந்தார். விரல் இடுக்குகளில் கிரீஸ்.

"படிக்கட்டே இல்லாத வீடு மேடம். ஒரே தளம்."

"மேல கட்ட இடம் இருக்கே. முப்பதடி வரைக்கும் போகலாம்."

"மேல போறது எனக்கு ஆபீஸ் வேலை. வீட்டுலயும் மேல போகணுமா?" என்றார். பிறகு விளையாட்டை விட்டுவிட்டுச் சொன்னார். அவர் மனைவிக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை. வாக்கர் என்கிற நடைச்சட்டத்தை ஊன்றிக்கொண்டு நடக்கிறார். இப்போது குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. பதினாலு மாதமாக அவர் தரையை மிதிக்கவில்லை. "ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட்டிக் குடுக்கறேன். என் பொண்டாட்டியை ஒரு மாடி இறக்க வக்கில்ல."

பிளானில் படுக்கையறையும் அதை ஒட்டி அகலமான ஒரு குளியலறையும் இருந்தன. மீதியெல்லாம் அவற்றைச் சுற்றி நெருக்கி உட்கார்ந்திருந்தன.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் மனைக்குப் போனாள். கூடவே செயின்மேன். டேப்பின் மறுமுனையைப் பிடிப்பவர், அவள் சேர்ந்த நாளிலிருந்து அவர்தான். புல்லை விலக்கி எல்லைக் கல்லைக் கண்டுபிடித்து அதன் மேல் டேப்பை வைத்தார். அவள் உள்ளே நடந்து பத்தடியில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டாள். நிமிர்ந்தாள். பதினாறாம் வீட்டின் சுவர் அவள் கோட்டுக்குப் பின்னால் இருந்தது. பதினெட்டாம் வீட்டின் சுவரும் பின்னால் இருந்தது.

"அண்ணே, கல்லுல சரியா வெச்சிருக்கீங்களா?"

"கல்லு மேலயேதான் உக்காந்திருக்கேன் தங்கச்சி."

மறுபடியும் அளந்தார்கள். அடுத்த வீட்டின் கேட்டைத் திறக்கச் சொல்லி அளந்தார்கள். அதற்கடுத்தது, பிறகு இருபத்தைந்து, பிறகு கடைசி வீடு. எல்லாமே பன்னிரண்டு. ஒரு வீடு கூடப் பதினொன்றே முக்கால் இல்லை.

காற்று அடித்தது. நாற்பது மரங்களும் ஒரே நேரத்தில் அசைந்தன. அவளுக்குத் தெரு லேசாகப் பின்னால் நகர்ந்த மாதிரி இருந்தது. கரையில் நிற்கும்போது காலடி மணல் நழுவுமே, அப்படி.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் நினைத்துப் பார்த்தாள். அந்தக் காலத்தில் அலுவலகத்தில் இருந்தது துணி டேப். அவர்களுக்குக் கிடைத்த டேப்பில் முதல் இரண்டடி அறுந்து போயிருந்தது. அதனால் செயின்மேன் இரண்டு என்ற எண்ணைக் கல்லில் வைப்பார். பத்தடி வேண்டுமென்றால் அவள் பன்னிரண்டில் குறிப்பாள். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது.

செயின்மேன் எதிரே உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தத் தெருவை அளந்த அன்னைக்கு எந்த டேப்பு?"

அவர் மென்றுகொண்டே யோசித்தார். மெல்வது நின்றது.

"அன்னைக்குக் காலையிலதான் ஸ்டோர்ல புது டேப்பு குடுத்தாங்க."

"எங்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேனே."

"சொல்லல."

"சொன்னேன் தங்கச்சி. 'புதுசு, வாசனை பாரு'ன்னு மூக்குக்கிட்ட நீட்டினேன். நீ எங்கயோ மேல பாத்துக்கிட்டிருந்தே."

அவர் பூஜ்யத்தைக் கல்லில் வைத்திருக்கிறார். அவள் பன்னிரண்டில் குறித்திருக்கிறாள். தெருவின் இந்தக் கோடியில் ஒரு தடவை, அந்தக் கோடியில் ஒரு தடவை. இரண்டு குறிக்கும் நடுவே நூலை இழுத்துக் கட்டியபோது அது விண்ணென்று நின்றது. அதைப் பார்த்துத்தான் அவள் முதல் தடவையாக ஒற்றைக் கண்ணை மூடினாள்.

"இப்ப என்ன ஆயிடுச்சு? குறைச்சலா விட்டாத்தான் தப்பு. கூட விட்டிருக்காங்க. சும்மா இரு" என்றார் செயின்மேன்.

சும்மா இருக்க விதியில் இடம் இருந்தது. வீடுகள் ஏற்கெனவே வரிசையாக அமைந்துவிட்ட தெருவில் புது வீடு அந்த வரிசையைத் தாண்டி முன்னால் வரக்கூடாது. வரிசையே அளவுப் பிழையால் அமைந்தது என்று அலுவலர் எழுத்தில் பதிந்தால் மட்டும் விலக்கு. அவள் வாயைத் திறக்காவிட்டால் லிஃப்ட் மெக்கானிக் பன்னிரண்டடி விட்டுக் கட்டுவார், தெரு அப்படியே இருக்கும். எழுதினால் அவருக்கு இரண்டடி கிடைக்கும். அவருக்குக் கிடைத்தால் நாற்பது வீட்டுக்கும் கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் தூங்கினாள். தூக்கத்தில் ஓர் அறைக்குள் நடந்தாள். இரண்டடி அகலம், எண்ணூற்று இருபது அடி நீளம். மேலே கூரை இல்லை, முப்பதடிக்கு இரண்டு பக்கமும் வெளிச்சம்தான் சுவர். உள்ளே ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். ஒருவர் செருப்பை உதறிப் போட்டார். ஒரு குழந்தை மூன்று சக்கர வண்டியில் அவளை நோக்கி வந்தது, அவள் பக்கவாட்டில் திரும்பி வழிவிட்டாள். இது யாருடைய அறை என்று கேட்டாள். உரித்துக்கொண்டிருந்தவள் நிமிராமல், "எங்களுது இல்ல, சும்மா இருக்கோம்" என்றாள். நடந்துகொண்டே போனபோது அறை நடுவில் ஓரிடத்தில் மரங்கள் இல்லாமல் வெறும் புல் இருந்தது. அங்கே யாரும் உட்காரவில்லை. ஒரு நடைச்சட்டம் மட்டும் நின்றது.

விழித்தபோது கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு மூக்குக் கண்ணாடியின் வில்லையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணாடிக் கடையில் வில்லை தேய்ப்பவர். விடுமுறையிலும் யாருடைய கண்ணாடியாவது அவர் கையில் இருக்கும். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"பத்துக்கும் பன்னண்டுக்கும் கண்ணால பாத்தா வித்தியாசம் தெரியாதே" என்றார்.

"எனக்குத் தெரியும்."

"இருபத்திரண்டு வருஷமா தெரியலையேம்மா."

அவள் தலையணையை எடுத்து அவர்மேல் எறிந்தாள். அவர் கண்ணாடியை மட்டும் உயரத் தூக்கிக் காப்பாற்றிக்கொண்டார்.

திங்கட்கிழமை அவள் லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டுக்குப் போனாள். விதிப்படி போக வேண்டியதில்லை. "ஒரு தடவை வந்து அவ எப்படித் திரும்பறான்னு பாத்துட்டு எழுதுங்க மேடம்" என்று, அளந்த அன்று மனைக்கு வந்திருந்த அவர் கேட்டிருந்தார். மூன்று மாடி. ஒவ்வொரு மாடிக்கும் பதினெட்டுப் படி, ஏழரை அங்குல உயரம். கைப்பிடி ஒரு பக்கம்தான்.

மனைவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முன்பு பஸ் கண்டக்டராக இருந்தவர். குரல் அப்படியே இருந்தது, அந்த அறைக்கு அது பெரிது.

"வாங்க, உள்ள வாங்க. வாழ்க்கை பூரா 'முன்னாடி போங்க, முன்னாடி எடம் இருக்கு'ன்னு கத்தினவ நான். இப்ப எனக்கே முன்னாடி ரெண்டடி கேக்க வேண்டியதாப் போச்சு."

"வீட்டுக்காரர் சொன்னாரா?"

"அவரு சொல்லல. அக்கம்பக்கத்துல கேட்டைத் திறந்து திறந்து நீங்க அளந்தீங்க, எல்லாம் பன்னண்டுன்னு வந்துச்சுன்னு மட்டும் சொன்னாரு. நான் கணக்குப் போட்டுக்கிட்டேன். டிக்கெட் கிழிச்ச கை."

அவர் எழுந்தார். நடைச்சட்டத்தை ஊன்றி, காலை இழுத்து, மறுபடியும் ஊன்றிக் குளியலறை வாசல் வரை போனார். உள்ளே போக முடிந்தது. திரும்ப முடியவில்லை. சட்டத்தின் கால் ஒரு சுவரில் இடித்தது, பின்பு மறு சுவரில். அப்படியே பின்னோக்கி ஓர் அடி, இன்னோர் அடி என்று வந்தார். நெற்றி வியர்த்தது. கணவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார், தொடவில்லை.

"பஸ்ஸு ரிவர்ஸ் எடுத்தாலே பின்னாடி நின்னு ஒருத்தர் விசில் ஊதணும். எனக்கு யாரு ஊதறது? இவருக்கு ஊதவே வராது."

நூலக்கா டேப்பை எடுத்தாள். சட்டத்தின் அகலம் இரண்டேகால் அடி. திரும்புவதற்கு வேண்டியது நாலரை. இந்தக் குளியலறை மூன்று. புது வீட்டில் பத்தடி விட்டால் குளியலறை ஐந்தாகும். பன்னிரண்டு விட்டால் மறுபடியும் மூன்று. அவள் எழுதிக்கொண்டாள். இருபத்திரண்டு வருடங்களில் ஒரு வீட்டின் உட்புறத்தை அவள் அளந்தது அதுதான் முதல் தடவை.

"முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க" என்றார் மனைவி. "ஒருத்தி ஏறணும்கிறதுக்காக ஓடற பஸ்ஸை நிறுத்தச் சொல்ல மாட்டேன்."

அன்று சாயங்காலமே அவள் குறிப்பை எழுதினாள். அறுந்த டேப், புது டேப், பன்னிரண்டு என்ற குறி, இரண்டு கோடிகள், நூல். பிழை செய்தவர் என்ற இடத்தில் தன் பதவியை எழுதினாள். செயின்மேனைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. இன்ஜினியர் அதை இரண்டு தடவை படித்தார்.

"இதை யாரும் கேக்கலையே?"

"இல்ல சார்."

"இனிமே புதுசா வர்றவங்களுக்கு நான் எந்தத் தெருவைக் காட்டறது?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டுவிட்டுக் கையெழுத்திட்டார்.

அவளுக்கு ஒரு மெமோ வந்தது. நாற்பது வீட்டுக்கும் ஒரு கடிதம் போனது. அந்த வாரம் தெருவில் நடந்தபோது அவளை யாரும் நூலக்கா என்று கூப்பிடவில்லை. மூன்றாம் வீட்டுத் தையல்காரர் கேட்டின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார்.

"இருபது வருஷமா சோபாவைக் குறுக்கப் போட்டு, டீவியைக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன் மேடம். கழுத்தே அந்தப் பக்கம் போயிடுச்சு. என் ரெண்டடி உங்க டேப்புலயா இருந்துச்சு?"

"ஆமா."

"துணி வெட்டறவன் நான். ரெண்டு இஞ்ச் தப்பா வெட்டினாலே மூஞ்சில எறிவாங்க."

அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து, "இப்ப எதுக்குச் சொன்னீங்க? தெரியாமயே இருந்திருப்போமே, நல்லாத்தானே இருந்தோம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

வருடத்துக்குள் ஏழு வீடுகள், எல்லாமே முதல் பதினாறுக்குள், முன்னால் வந்தன. ஒவ்வொன்றுக்கும் அவளே போய்க் கல்லிலிருந்து பத்தடி அளந்து கோடு போட்டாள். நான்கு மரங்கள் போயின. தையல்காரர் சோபாவை நேராகப் போட்டார், பிறகு இரண்டு நாள் கழுத்து வலி என்றார். முன்னால் வந்த வீட்டுக்காரர்கள் வெளியே நாற்காலி போடுவதைக் குறைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள், நீட்டிக்கொண்டிருந்த சுவர்களின் ஓரத்தில் விழுந்த புது நிழலில் நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். ஜோக்குகள் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர எட்டரை ஆயிற்று.

பதினேழாம் வீடு ஒரே தளமாக எழும்பியது. பதினோரு அடியில் நின்றுவிட்டதால் அதன் மேலே பத்தொன்பது அடிக் காற்று சும்மா இருந்தது. லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவியை நான்கு பேர் நாற்காலியோடு இறக்கி வேனில் கொண்டுவந்தார்கள். கேட்டில் இறங்கியதும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மண்ணிலேயே கொஞ்ச நேரம் நின்றார். "என்ன, ஸ்டாப்பிங்கா?" என்று கணவர் கேட்டார். "வாயை மூடு" என்றார் மனைவி.

பத்து நாள் கழித்து நூலக்கா அங்கே போனாள். கட்டி முடித்த வீட்டைப் பார்த்துக் கடைசிக் கையெழுத்துப் போட வேண்டும். கேட்டைத் தொடும் முன்பே உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கேட் திறந்துதான் இருக்கு. நீங்க தெருவுல திரும்பினப்பவே பாத்துட்டேன்."

இரண்டடி முன்னால் வந்த அந்தச் சுவரின் பக்கவாட்டில், பதினெட்டாம் வீட்டுப் பக்கமாக, ஒன்றரை அடி அகலத்தில் ஒரு ஜன்னல் வைத்திருந்தார்கள். அதன் அருகே அவர் நாற்காலி. வரிசையில் நிற்கிற வீடுகளிலிருந்து எதிர் மதில் மட்டும்தான் தெரியும். இந்த ஜன்னலிலிருந்து தெருவின் மீதி நீளம் முழுக்கத் தெரிந்தது. மீதியிருந்த மரங்கள், அவற்றின் கீழே நாற்காலிகள், யாரோ ஒருத்தியின் மடியில் முறம், மூன்று சக்கர வண்டி. கடைசி வீடு வரை.

அவள் குனிந்து பார்த்தாள். இருபத்திரண்டு வருடங்களில் அந்தத் தெருவை அவள் உட்கார்ந்த உயரத்திலிருந்து பார்த்ததில்லை.

"அந்தக் கடைசி வீட்டுக்காரர் தினம் நாலு மணிக்கு வெளிய வந்து கையை உதறுவாரு. ஏன்னு தெரியல" என்றார் மனைவி. "கண்டுபிடிக்கணும்."

பிறகு எழுந்தார். சட்டத்தை ஊன்றிக் குளியலறைக்குப் போனார், உள்ளே ஒரு முழு வட்டம் திரும்பினார், முன்னோக்கி வெளியே வந்தார். எதையும் இடிக்கவில்லை. நூலக்கா நோட்டில் ஐந்து என்று எழுதினாள். எழுதிய பிறகும் பேனாவை மூடாமல் வைத்திருந்தாள்.

"பதினெட்டாம் வீட்டுப் பல் டாக்டரும் முன்னாடி வர்றாராமே?" என்றார் மனைவி, உட்கார்ந்துகொண்டே.

"மனு குடுத்திருக்கார். என் பையிலதான் இருக்கு."

"வந்தா இந்த ஜன்னல்?"

"ஜன்னல் இருக்கும். ஆறடி தள்ளி அவர் சுவர் நிக்கும்."

"சுவருதான் தெரியும்."

"ஆமா."

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பினார். வெயில் மதிலிலிருந்து இறங்கிச் சாலைக்கு வந்துகொண்டிருந்தது.

"அவருக்கும் அதே ரெண்டடிதானே. நான் கேட்டது நியாயம்னா அதுவும் நியாயம்" என்றார். கொஞ்சம் கழித்து, "எப்ப?" என்றார்.

"மனு மேல பதினஞ்சு நாளுக்குள்ள கையெழுத்துப் போடணும். இன்னைக்கு ரெண்டாவது நாள்."

நூலக்கா எந்த மனுவையும் மூன்று நாளைக்கு மேல் மேஜையில் வைத்திருந்தவள் இல்லை. அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த மனு மட்டும் காகித எடையின் கீழே, ஜன்னல் காற்றில் மூலை படபடக்கக் கிடந்தது. செயின்மேன் இரண்டு தடவை அதைப் பார்த்துவிட்டுப் போனார். பல் டாக்டர் ஒரு தடவை போன் செய்தார். பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றாள். பதினைந்தாம் நாள் சாயங்காலம், அலுவலகம் மூட ஐந்து நிமிடம் இருந்தபோது, காகித எடையைத் தள்ளி வைத்துவிட்டுக் கையெழுத்திட்டாள்.